இரண்டு பாஸ்

கோரிமேட்டு ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி.
அப்பாவைப் பார்க்க இரண்டு பாஸ் கொடுத்தார்கள்,
மஞ்சள் அட்டை, ஓரம் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியது.
நாங்கள் ஐந்து பேர்.

பாகூரிலிருந்து தையல்நாயகிப் பெரியம்மா,
அவங்க பிள்ளைகள் ஆதிமூலம், குமுதவல்லி.
அரியாங்குப்பத்திலிருந்து அம்மாவும் நானும்.
ஒரு டெம்போ டிரைவருக்கு இரண்டு வீடு.
நடுவே தவளக்குப்பத்து டீக்கடையில்
சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவார் என்று
இரண்டு ஊரிலும் கேலி உண்டு.

இரண்டாம் ராத்திரி, பெஞ்சில் தூக்கம் வராமல் எண்ணினேன்.
முதல் அட்டை ஐந்து பேரில் எவர் கைக்கும் போகலாம்.
அடுத்தது மிச்ச நால்வரில் ஒருவருக்கு.
இருபது.
ஆனால்
நான் நுழைந்து பின்னால் குமுதா வந்தாலும்
குமுதா நுழைந்து பின்னால் நான் வந்தாலும்
கட்டிலருகே நிற்பது அதே இரண்டு பேர்.
ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன்.
பாதி போதும்.
பத்து.

சேதராப்பட்டு மூடி கம்பெனியில் இதுதான் என் வேலை.
ஐந்து நிறம், கவருக்கு இரண்டு.
சிவப்பு மேலேயா பச்சை மேலேயா என்று
எந்தக் கடைக்காரனும் கேட்டதில்லை.
ஒரே நிறம் இரண்டு விழுந்தால்தான் திருப்பி அனுப்புவான்.

கதவில் காவல் அமலோற்பவம்.
குளிக்கப் போனவளின் அட்டையையும் சேர்த்து நீட்டி
ரெண்டும் நான்தான், கூடுதல் நேரம் இருக்கேன் என்றான் ஆதிமூலம்.
"ஒரு ஆளுக்கு ஒண்ணு. நீ என்ன ரெட்டைப்பிள்ளையா?"

வெளியே எல்லாமே வரிசை.
ரேஷன் கார்டில் வரிசை.
குமுதா கல்யாணப் பத்திரிகையில் வரிசை, அதில் நாங்கள் இல்லை.
மூத்தது என்று சொல்ல ஊருக்கு ஒரு குரல்,
இளையது என்று சொல்ல இன்னொன்று.
அமலோற்பவம் யார் முதல் என்று கேட்பதில்லை.
இரண்டு விரல் தூக்குவாள், அவ்வளவுதான்.

எட்டு நாளில் ஒன்பது ஜோடி போய்வந்தது,
சில திரும்பத் திரும்ப.
அம்மாவும் ஆதிமூலமும் போன அன்று
அவன் மூத்திரப் பையைப் பிடிக்க, அவள் வேட்டி மாற்றினாளாம்.
நானும் குமுதாவும் பேசவில்லை.
அப்பாவின் காதைப் பார்த்தோம்,
பிறகு ஒருத்தி காதை மற்றவள்.

பத்தாவதை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.
ஒருத்தி எழுந்தால்
இன்னொருத்திக்குக் காபி தேவைப்பட்டது.

ஒன்பதாம் நாள் ரத்தம் கேட்டார்கள்.
சின்னவர்கள் மூவரும் கீழே ஓடினோம்.
திரும்பி வந்தால் பெஞ்ச் காலி.
அதன்மேல் பெரியம்மாவின் ஒயர்கூடை,
அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டில் அதற்குள்.

பத்தில் நான்கில் நான் இருக்கிறேன்.
ஆறில் இல்லை.
அந்த ஆறுக்குள் என்ன நடந்தது என்று
எந்தக் கணக்கும் எனக்குச் சொல்லாது.
கதவுக் கண்ணாடியில் வெள்ளைப் பெயிண்ட்,
நகம் அளவுக்குச் சுரண்டிய ஓட்டை.
நான் பார்க்கவில்லை.
குமுதா பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள்,
என்ன என்றேன். ஒண்ணுமில்லை என்றாள்.

முக்கால் மணி கழித்து வந்தார்கள்.
மூக்கைத் துடைத்தபடி ஒருத்தி. எவள் என்று சொல்லமாட்டேன்.

அன்றைக்கு எங்களுக்கு வீட்டு முறை.
அரியாங்குப்பத்தில் பஸ் இறங்கும்போதுதான் அம்மா குனிந்தாள்.
இடது காலில் வார் தைத்த தன் செருப்பு.
வலது காலில் பெரியம்மாவுடையது.
இரண்டும் நீலம், இரண்டும் ஏழாம் நம்பர்.

ரோட்டோரம் நின்றே போன் போட்டாள்.
அந்த நம்பர் அவளிடம் இருப்பது
எனக்கு அன்றுதான் தெரியும்.
அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா, புரியவில்லை.
"இருக்கட்டும்" என்றது குரல்,
"நாளைக்குத்தானே."