பென்சில் எழுத்து

தெம்வா நார்வேக்குப் போன ஆறு மாதமும்
அவள் இரவுகளை நான்தான் பார்த்தேன்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
வரவேற்பு விழாவில் யாரும் சொல்லவில்லை.

மலாவியின் வடக்கு, ரும்பி. குழந்தைகள் வார்டு.
கட்டில் நாற்பது, பிள்ளைகள் எழுபது,
கட்டிலுக்கடியில்
சித்தெஞ்செத் துணி விரித்துத் தாய்மார்கள்.
செவிலி ஒருத்தி.
அந்த ஒருத்தி நான்.

அவள் அங்கிருந்து படம் அனுப்புவாள்:
வட்டமேசை, பழுப்பு ரொட்டி, ஜன்னலெல்லாம் மழை.
ஒருமுறை எழுதியிருந்தாள்,
"இன்று ஒரு நர்ஸ் சர்ஜனிடம் 'நிறுத்துங்கள்' என்றாள்.
நிறுத்தினார். நன்றி வேறு சொன்னார்.
லுசுங்கு, நம்புவாயா?"
அப்போது மின்சாரம் போயிருந்தது.
ஆக்சிஜன் பெட்டி மூச்சை விட்டிருந்தது.
செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு
அந்த வெளிச்சத்தில்
சொட்டு மருந்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதில் எழுதவில்லை.

ஒருத்தி போனால் ஒருத்தி வரவேண்டும், ஒப்பந்தம் அப்படி.
இங்வில்ட் வந்தாள்.
கற்க வந்தவள், ஆள்கணக்கில் சேரமாட்டாள்.
முதல் இரவில் கேட்டாள்,
"இந்த நேரத்தில் உனக்குத் தலைமை யார்?"
டார்ச் விளக்கைக் காட்டினேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்,
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.
மூன்றாம் வாரம் அவள் பல்லிலும் ஒரு செல்போன்.
நீர் வற்றிய பிள்ளையின் கையில் நரம்பு தேட
என் விரலிடம் கற்றுக்கொண்டாள்.
அதற்குச் சான்றிதழ் கிடையாது,
அவளுக்கும் எனக்கும்.

தெம்வா திரும்பினாள்.
பேச்சு, ஃபேன்டா, கைதட்டல்.
சட்டையில் புது பேட்ஜ்: முதன்மைச் செவிலி.
முதல் வேலையாக என் விடுப்பை மறுத்தாள்.
தங்கை கல்யாணம், மூன்று நாள்தான் கேட்டேன்.
"ஒன்று தருகிறேன்" என்றாள், கண்ணைப் பார்த்தே.
இதைத்தான் கற்றுக்கொடுத்தார்களா, விமானமேற்றி?
அன்று மதியம் அவள் எதிரே நான் உட்காரவில்லை.
உசிப்பா மீன்களின் சின்னத் தலைகளை
ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒதுக்கினேன்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை.
மாதக் கூட்டத்தில் டாக்டர்களுக்கு நாற்காலி,
எங்களுக்குச் சுவர்.
அவள் வார்டிலிருந்து மரப்பெஞ்சை இழுத்துவந்தாள்
சிமெண்ட் தரை முழுக்கக் கீச்சிட.
உட்காருங்கள் என்று சொல்லவில்லை. உட்கார்ந்தாள்.
பிறகு ஒவ்வொருவராக நாங்கள்.
மேசைமேல் வைத்தாள் இரவுப் பதிவேட்டை,
அவள் இல்லாத ஆறு மாதத்தை.
"நூற்று நாற்பத்தெட்டு இரவுகள். ஒரே கையெழுத்து.
அது எந்தெந்த இரவில் கோணலாகிறது,
அந்த இரவில் எந்தக் கட்டில் காலியானது,
வரிசையாகக் குறித்திருக்கிறேன்.
படிக்கட்டுமா?"
மாவட்ட அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.
அவள் படித்தாள்.

என் கை கோணலான இரவுகளை
இன்னொருத்தி பார்த்திருக்கிறாள்.
கோபமா வெட்கமா தெரியவில்லை.
சாய்ந்துகொள்ளலாம் என்றால்
பெஞ்சுக்கு முதுகு இல்லை.

இரண்டு பேரை அனுப்புகிறோம் என்றார்கள்.
ஒருத்திதான் வந்தாள்,
அதுவும் ஆகஸ்டில்.

நேற்று ஒரு விண்ணப்பத்தை என் முன் வைத்தாள்.
அடுத்த ஆண்டு போக ஓர் இடம்.
"என் இரவுகளை யார் பார்ப்பது?"
குத்தவேண்டும் என்றுதான் கேட்டேன்.
அவள் பணிப்பட்டியலை விரித்தாள்.
ஜனவரி முதல் ஜூன் வரை
இரவுக் கட்டங்களில் பாதி புதியவள் பெயர்,
மீதியில் தெம்வனானி கோண்ட்வே,
தெம்வனானி கோண்ட்வே.
முதன்மைச் செவிலிக்கு இரவுப் பணி இல்லை
என்பது விதி.

பென்சிலில்தான் எழுதியிருந்தாள்.
நான் கவனித்தேன்.
நான் கவனித்ததை அவளும்.

ஒன்பதாம் கட்டிலில் ஒரு பிள்ளை இருமியது.
என் பையில் பேனா இருந்தது,
எடுத்து அவள் பக்கம் நகர்த்திவிட்டு
எழுந்து போனேன்.