அக்கி

சனிக்கிழமை இடது விலா எரிந்தது.
ஸ்டியரிங்கை வளைக்கும்போதெல்லாம்
உள்ளிருந்து யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.
பேவியூவிலிருந்து டவுன் மார்க்கெட் வரை
அறுபது பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு
சட்டை மேலே படாமல் பஸ் ஓட்டினேன்.

திங்கட்கிழமை கொப்புளம்.
முதுகுத்தண்டில் கிளம்பி மார்பு வரை வந்து
நடுக்கோட்டில் அப்படியே நின்றுவிட்டது.
இந்த ஊரில் முன்பு சட்டம் இருந்ததே,
ரோட்டுக்கு இந்தப் பக்கம் நீ,
அந்தப் பக்கம் காலை வைக்காதே என்று,
அது மாதிரி.

எங்கள் வீட்டில் தமிழ் மிஞ்சியிருப்பது தோலில்தான்.
படை, தேமல், சிரங்கு.
அண்ணி பார்த்த உடனே சொன்னாள்: அக்கி.
அக்கியை ஆற்ற முடியாது பூபாலன், எழுதத்தான் வேண்டும்.
எழுத ஆளுக்கு எங்கே போக?
பிள்ளையின் பெயிண்ட் பிரஷ்,
கோயில் சுவருக்கு அடித்து மிஞ்சிய காவி.
கொப்புளத்தை விரலால் ஒதுக்கி ஒதுக்கி
அவளே இரண்டு சிங்கம் எழுதினாள்.
ஒன்று நாயாக வந்துவிட்டது.

கிளினிக்கில் சட்டையைத் தூக்கிய
சிஸ்டர் ஹ்லெங்கிவே சிரிக்கவில்லை.
நாயா?
சிங்கம்.
சரி, என்று பஞ்சை நனைத்தாள்.
காவி சிவப்புத் தண்ணீராக இடுப்பில் இறங்கியது.
எங்கள் ஜூலுவில் இதற்குப் பேர் பெல்ட்.
முப்பத்தெட்டு வயசில் ஏன் கட்டிக்கொண்டாய்?
வாயைத் திற.

திறந்தேன்.
எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாதது
நாக்கின் மேல்
திரிந்த பாலாக உட்கார்ந்திருந்தது.
குச்சியால் சுரண்டினாள். அடியில் ரத்தம்.
உனக்குத் தெரியும், இல்லையா?
நான் பதில் சொல்லவில்லை.
நாக்குதான் ஏற்கெனவே சொல்லிவிட்டதே.
விரலைக் குத்தினாள்.
ஒரு கோடு வந்தது. காத்திருந்தோம்.
வெளியே யாரோ என் பஸ் நம்பரைச் சொல்லி
லேட் என்று திட்டினார்கள்.
இரண்டாவது கோடும் வந்தது.

சிங்கம் எழுதியவள் வெறும் கையால் தொட்டாளே, என்றேன்.
அவளுக்குச் சின்ன வயசில் அம்மை போட்டதா?
போட்டது. முகத்தில் தழும்பு இருக்கிறது.
அப்படியென்றால் கொப்புளத்துக்குப் பயமில்லை.
மற்றது தொட்டு வராது.
தொடட்டும்.

வாய்க்குள் ஊதா மருந்து தடவி அனுப்பினாள்.
வாசலில் அண்ணன் மகள் பிடித்துக்கொண்டாள்:
சித்தப்பா, நாவற்பழம் தின்றாயா?
தின்றேன்.
எனக்கு எங்கே?
அன்று என் டம்ளரை நானே இரண்டு தரம் கழுவி
ஜன்னலில் தனியாகக் கவிழ்த்தேன்.
அண்ணி அதைப் பார்த்தாள்.

எட்டு மணிக்கு மாத்திரை.
எட்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில்
அடுப்படிக்குப் போய்
ஊதா நாக்கால் சொன்னேன்:
அண்ணி, இது அக்கி மட்டும் இல்லை.

மீதியையும் சொன்னேன். இங்கிலீஷில்.
அந்த வார்த்தைக்குத் தமிழில்
என்னிடம் ஒன்றுமே இல்லை.
குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது.
அவள் அடுப்பை அணைத்தாள்,
கவிழ்த்த டம்ளரை எடுத்து மற்றதோடு அடுக்கினாள்,
பரணில் எதையோ தேடினாள்.

சட்டையைக் கழற்று.
கொப்புளத்தில் இனிமேல் எதுவும் பூசக்கூடாதாம், அண்ணி.
தெரியும், திரும்பி நில், என்றாள்.
அந்த நாயை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

வலது பக்கம்.
ஒருநாளும் எரியாத பக்கம்.
பிரஷ் சில்லென்று இருந்தது.