முன்னால் நிற்கும் பூச்சியம்

நானூற்றுப் பதினேழு கடிதங்கள்
காலைத் தபாலில் போக வேண்டும்.
யூனியன் பிளேஸ் கந்தோரில் ஏசியை நிறுத்திவிட்டார்கள்.
பிளேன்டீ ஆறிவிட்டது. பிரிண்டர் மட்டும் சுடுகிறது.

முதல் கடிதம் வந்தது:
அன்புள்ள ,
கமாவுக்கு முன்னால் ஒருவருமில்லை.
யாரோ நடுவில் விட்ட வெற்று வரி.
அழித்தேன்.

அடுத்தது வெள்ளவத்தைக்கு. கொழும்பு 600 என்கிறது.
முன்னால் நிற்கும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லையாம்,
அட்டவணை விழுங்கிவிடும்.
தபால்காரருக்கோ அந்தப் பூச்சியத்தில்தான்
கொழும்பே தொடங்குகிறது.
நிரலை எழுத்தாக மாற்றினேன்.
விழுங்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதி
முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் வைத்தேன்,
காற்றில் அடிக்கும் கதவுக்குக் கல் வைப்பதுபோல.

தவநேசனின் அடையாள அட்டை எண்
ஒன்று தசம் ஒன்பது ஏழு,
அதன்மேல் ஓர் ஈ.
விரட்டினேன்.

யூலை மூன்றுக்குள் கட்டுங்கள் என்றிருந்தோம்.
மார்ச் ஏழு என்று வாசித்து
எல்லோரையும் பிந்தியவர்கள் ஆக்கியிருந்தது.

ஒருவரின் மீதி
18250.399999999998 ரூபா.
எங்கள் கம்பனி இத்தனை நுணுக்கமாய்
யாருக்கும் கணக்குப் பார்த்ததில்லை.

ஒன்பது மணிக்கு ஜுனைதீன் வந்தார், கடிதமாக.
மருதானைக்காரர். போன மாதம் கடனை முடித்துவிட்டு
வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தவர்.
இப்போது இரண்டு லட்சம் தரவேண்டும் என்கிறது.

கை நின்றது.
பெயர்கள் அகர வரிசையில் வேண்டும் என்று
முகாமையாளர் செவ்வாய்க்கிழமை கேட்டார்.
பஹ்மியா பெயர் நிரலை மட்டும் பிடித்து அடுக்கி
சேவ் பண்ணிவிட்டுப் போயிருக்கிறாள்.
பெயர்கள் ஏறி இறங்கி இடம் மாறிவிட்டன.
கடன்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.
நானூற்றுப் பதினாறு பேர்
யாரோ ஒருவருடைய கடனுக்குப் பக்கத்தில்.
கூட்டுத்தொகை மட்டும்
சதம் பிசகாமல் சரியாக இருந்தது.

நான் ஏன் எண்ணிக்கையில் ஒருவரை விட்டேன்?
ம. கொன்செற்றா, கொட்டாஞ்சேனை.
அது நான்.
என் பெயருக்கு நேரே, மீதி: பூச்சியம்.

கீழே கடைசி பஸ்களில் ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது.
கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தம்பியின் ஆட்டோவுக்கு எடுத்த கடன்,
இன்னும் பத்தொன்பது மாதம்.
யாரும் கேட்கமாட்டார்கள், ஜுனைதீனைத் தவிர.

வெள்ளிக்கிழமை அனுப்பிய மின்னஞ்சலில்
பழைய கொப்பி கிடந்தது.
திறந்தேன். இணைத்தேன்.
எல்லோருடைய கடனும் வீடு திரும்பியது.
ஜுனைதீனுக்கு அவருடைய பூச்சியம்,
எனக்கு என்னுடையது, ஐந்து இலக்கங்களில்.

பதினொன்றே கால்.
என் உறையையும் நானே ஒட்டினேன்.
கொழும்பு 01300.
முன்னால் பூச்சியம் நிற்கிறதா என்று
இன்னொரு தரம் பார்த்தேன்.