கண்ணைச் சிமிட்டவும்

கோபி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா நகல் என்றிருக்கும் என் கடைக்கு
வருசத்துக்கொருக்கா வருவார் கூகலூர் ராக்கியப்பன்,
தான் சாகவில்லை என்று எழுதி வாங்கிப் போக.
நலிந்த கலைஞர் உதவித்தொகை.
குனிந்துதான் நுழைவார், ஆறடி மூன்றங்குலம்.
எழுபத்தாறு வயதிலும்
ஓரங்குலம் திருப்பித் தரவில்லை அந்த உடம்பு.

அந்த உயரத்தைத்தான் பார்த்திருக்கிறான் மேனேஜர்.
தடப்பள்ளி வாய்க்கால் கரைக்குப் படம் பிடிக்க வந்தவன்
கரும்பாலையில் பாகு கிண்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு
"தென்னை மரம் ஏறுவியா?" என்றானாம்.
"ஏறுவனுங்க."
"சீலையோட?"

கிணற்றில் தள்ளப்பட்ட மருமகள்,
மில் முதலாளி ஏமாற்றிய டீச்சர்,
தண்டவாளத்தில் கிடந்த பிள்ளைத்தாச்சி,
இப்படி நாற்பத்தியொரு படம்.
சாகும்வரைக்கும் நடிகை,
செத்த பொறவு இவர்.
கிட்டத்தில் முகம் என்றால் அந்தம்மா.
தூரத்தில், பனங்கொண்டைக்கு மேலே,
முகத்தில் சவுரி விழ மிதப்பதென்றால் இவர்.
பெயர் போடும்போது 'மற்றும் பலர்'.

"மயிலாத்தா மட்டும் கண்டுபுடிச்சிருவாளுங்க அம்மிணி.
பேய்க்குக் காலே கெடையாதுங்கறாங்க,
எம்பட பேய்க்குப் பதினொண்ணாம் நம்பர் காலு.
கொட்டாயில எல்லாரும் அலறையில
இவ மட்டும் சிரிப்பா."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"அவ சாகறப்ப
நான் தாளவாடியில செத்துக்கெடந்தனுங்க.
போன் வந்தது மூணாம் நாளு.
எத்தன ராத்திரி சுடுகாட்டுல நின்னவன் நானு.
அவ ஒரு ராத்திரி வரலீங்க."

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது.
அதன் பேய்க்குச் சோறு வேண்டாம், கயிறு வேண்டாம்,
பொழுது விடிந்தால் பஸ் காசு வேண்டாம்.
இவர் ஆலைக்கே திரும்பினார்.

கட்டைவிரலை வைக்கச் சொன்னேன்.
'பொருந்தவில்லை' என்றது மெஷின்.
பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம்.
ரேகை பாதி கயிற்றோடு போயிருந்தது,
மீதி கொதிக்கிற பாகோடு.
கருவிழி காட்டினோம். அதுவும் இல்லை.
அந்தக் காலத்து வெள்ளை வில்லை
உள்ளே ஒரு புகையை விட்டுப் போயிருக்கிறது.

கடைசியாக, முகம்.
செல்போனைத் தூக்கிப் பிடித்தேன்.
திரையில் பச்சை வட்டம், அதற்குள் அவர்,
கீழே எழுத்து: கண்ணைச் சிமிட்டவும்.

சிமிட்டவில்லை.

"சும்மா சிமிட்டுங்கய்யா, உயிர் இருக்குதான்னு பாக்குது."
"முடியலீங்க அம்மிணி.
கேமராவக் கண்டா நின்னுபோயிரும்.
இமைக்காம நின்னா ஷாட்டுக்கு அஞ்சு ரூபா சேத்திக் குடுப்பாங்க.
சாமியும் இமைக்காது, பேயும் இமைக்காது.
சாமிக்குப் படையலு, எனக்கு அஞ்சு ரூபா."

கண்ணில் நீர் கட்டி நின்றது. இமை அசையவில்லை.
வாசலில் நம்பியூர் பஸ் புழுதியை வாரி இறைத்துப் போனது.
அசையவில்லை.
'நேரம் முடிந்தது' என்றது திரை.
மறுபடி. மறுபடி.
பின்னால் வாரிசுச் சான்றுக்கு நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு பண்ணுங்க" என்றார், உதடு அசையாமல்.
"கட் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.
சொன்னேன்.

ஒரு தரம் மூடித் திறந்தது.
அவ்வளவுதான், டக்கென்று ஒத்துக்கொண்டது சர்க்கார்.

அச்சாகி வந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
மூலையில் தபால்தலை அளவில் படம்.
சவுரி இல்லை, சீலை இல்லை,
காது முதல் காதுவரை அவர் மட்டும்.

"க்ளோசப்பு" என்றார்.

அப்புறம் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே,
"லேமினேசன் எவ்வளவுங்க?"
கருவூலத்தில் வாங்கமாட்டார்கள் என்றேன்.
"அவங்களுக்கு வேறொண்ணு எடுங்க" என்றார்.