பூஜ்யம் புள்ளி ஏழு

இரவு மாத்திரைக்கும் காலை ஊசிக்கும் நடுவே
பன்னிரண்டு மணி நேரம் இருக்கவேண்டும்.
ஆகவே இந்த வீட்டில்
என் இரத்தத்துக்குத்தான் கடிகாரம் பார்க்கத் தெரியும்.
ஜூன் மாதம் வட பின்லாந்தில்
வேறெதற்கும் தெரியாது.
நள்ளிரவிலும் ஏரிமேல் வெளிச்சம்.
பறவைகள் நேற்றைய பாட்டை முடிப்பதா
நாளையதைத் தொடங்குவதா என்று குழம்பும்.

அந்த வெளிச்சத்தில்தான் ஏறினேன்,
பதினோரு வருடம் முன்பு.
ஒன்பது இரவு உறக்கமில்லை, தேவையும் இல்லை.
படகே இல்லாமல் மூன்று படகு மோட்டார் வாங்கினேன்.
கரைக்கும் கரைக்கும் இடையே
கம்பி பிடித்துப் போய்வரும் என் மிதவைக்கு
யாரையும் கேட்காமல் மஞ்சள் அடித்தேன்,
அரசாங்கத்தின் மிதவை, என் காசில் வண்ணம்.
பால் லாரி ஓட்டும் உர்ஹோவிடம் சொன்னேன்:
கம்பியை அறுத்துவிட்டால் இது கடல்வரை போகும்.
சிரித்தார்.
ரம்பத்தோடு வந்தேன், சிரிக்கவில்லை.

பிறகு அக்டோபர்.
அதில் எழுத ஒன்றுமில்லை.
சுவர் இருந்தது. அதை நான் பார்த்தேனா,
அது என்னைப் பார்த்ததா?

ஒவுலு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹைக்கொலா
ஒரு தாளில் லித்தியம் என்று எழுதி
என் பக்கம் திருப்பினார்.
உப்புதான், என்றார். கல்லிலிருந்து வருவது.
எப்படி வேலை செய்யும்?
முழுசாக யாருக்கும் தெரியாது.
அந்தப் பதிலுக்காகவே அவரை நம்பினேன்.
பிறகு, உங்கள் மிதவைக்குக் கம்பி மாதிரி, என்றார்.
அதற்காகக் கொஞ்சம் வெறுத்தேன்.
கம்பியை எனக்குத் தெரியும்,
வாரம் இருமுறை கிரீஸ் தடவுகிறவள் நான்.
கம்பிக்குத் தாகம் எடுக்காது.

ஆம், தாகம். அதைச் சொல்லியாகவேண்டும்.
இரவில் மூன்று முறை குழாயடிக்கு.
நாக்கில் எப்போதும் ஒரு பழைய காசு.
காபிக் கோப்பை தட்டில் தந்தி அடிக்கும்,
அதனால் அரைக் கோப்பையே ஊற்றிக்கொள்கிறேன்.
பதிவேட்டில் ஓர்வொக்கி என்ற என் பெயர்
காற்றடித்த நாணல் மாதிரி நிற்கிறது.
ஆனால் நிற்கிறது.

ஆறாம் வருடம், மகள் சைமியின் கல்யாண வாரம்,
வயிற்றுப்போக்கு.
சரியாகிவிட்டது என்று சனிக்கிழமை
சவுனாக் குடிலில் மேல் பலகையில் போய் உட்கார்ந்தேன்,
பழைய திமிரில்.
தைஸ்தோ சுடுகல்லில் நீர் வீசினான்,
இன்னும், என்றேன். வீசினான்.
சாப்பாட்டு உப்பெல்லாம் வியர்வையாய் ஓட
இந்த உப்பு மட்டும் உள்ளே தங்கிக்
கனத்துக்கொண்டே போனது.
உடை மாற்றும் அறையில் அவன் பெயரைச் சொல்லப் பார்த்தேன்,
என் வாயில் வேறொருத்தியின் நாக்கு.
ஒன்று புள்ளி ஒன்பது என்றார்கள்.
அளவுக்கு மிஞ்சினால் என்று தொடங்கும் பழமொழியை
எனக்கு யாரும் முடித்துக் காட்டவேண்டாம்.

கல்யாணத்துக்குப் போனேன்.
கீழ்ப் பலகைக்காரி ஆனேன்.
கதவருகே, தண்ணீர்ச் செம்போடு.

இந்த ஏப்ரலில் செவிலி இர்யா போன் செய்தாள்.
லித்தியம் பூஜ்யம் புள்ளி ஏழு, பிரமாதம்.
சிறுநீரகத்தின் எண்தான் கொஞ்சம், என்று இழுத்தாள்.
கொஞ்சம் என்றால்?
அடுத்த முறை பார்ப்போம்.
தைஸ்தோ கேட்கவில்லை,
ஆனால் அன்று மீனைச்
சரியான உப்போடு, மிகக் கவனமாகச் சமைத்தான்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்.
உப்பையே நினைத்துக்கொண்டு எத்தனை நாள்?

நேற்று மிதவையின் துருவைச் சுரண்டினேன்.
அரசாங்கச் சாம்பலுக்கு அடியில்
உள்ளங்கை அளவு மஞ்சள்.
யாரிடமும் சொல்லாத ஒன்று:
அந்த ஒன்பது இரவும்
ஏரியின் ஒவ்வொரு அலைக்கும் எனக்குப் பெயர் தெரியும்.
இப்போது ஏரி, ஏரிதான்.
அதில் மீன் இருக்கிறது,
அதன்மேல் வண்டிகளை ஏற்றிப் போகிறேன்,
ஒருவரும் விழுந்ததில்லை.

சுரண்டிய இடத்தில் இன்னும் வண்ணம் அடிக்கவில்லை.

மணி ஒன்பது. பட்டப்பகல்.
வியாழன் என்று எழுதிய சின்ன மூடியைத் திறக்கிறேன்,
விரல் நடுங்க, ஒரு மாத்திரை பலகையில் உருண்டு
கம்பியின் ஓரம் போய் நிற்கிறது.
எதிர்க்கரையில் யாரோ ஹார்ன் அடிக்கிறார்கள்.
வருகிறேன், வருகிறேன்.
முதலில் இதை எடுக்கவேண்டும்.