அம்பு ஸ்டிக்கர்

பதினாறு வருசமாய் நான் செக்கிங்.
டியூப்லைட் பதித்த மேசையில் பனியனை விரித்து
உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து
பிழை கண்ட இடத்தில்
சிவப்பு அம்பு ஒட்டுவது என் வேலை.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தாவிய நூல்.
எல்லாவற்றிலும் பொல்லாதது ஓப்பன் சீம்:
இரண்டு பக்கமும் நல்ல துணிதான்,
இஸ்திரி போட்டால் சேர்ந்தே படுத்திருக்கும்.
விரலை விட்டு இழுத்தால்தான் தெரியும்
நடுவே தையலே இல்லை என்று.

சம்பளத்துக்கு முந்தின சாயங்காலம்
கேன்டீனில் கூட்டம்.
பிளாட்லாக் டெய்லர் கருணாம்பிகை எழுந்தாள்.
"பீஸுக்கு எழுபது பைசா ஏத்தோணுங்க."
அது முன்பக்கம்.
"மூணு வருசமா அதே ரேட்டு. வாடகை மட்டும்
ஆயிரத்து எண்ணூறு கூடிப்போச்சு. இந்தாங்க ரசீது."
அது பின்பக்கம்.
"கூலிங்கறது வயித்துக்குத்தானுங்க,
அரிசி ஏறுனா கூலியும் ஏறோணுமில்லீங்களா?"
அது தோளில் ஓடும் தையல்.
பலரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.
அவள் சொன்னாள். மனசுக்குள் இழுத்துப் பார்த்தேன்.
பிரியவில்லை.

தெய்வசிகாமணி மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார்.
"தேனிப்பக்கமிருந்து வந்தவதானே அம்மிணி நீயி?"
கேட்டது ரேட்டு. பதில் ஊரைப் பற்றி.
ஓர் அம்பு.

"கம்பெனியை இழுத்து மூடோணும்ங்கறயா?"
எழுபது பைசாவை அங்கேயே விட்டுவிட்டு
வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி
அதைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எழுபது பைசா. நாளைக்கு ஒரு ரூவா.
நாளாநாளைக்கு என்ற சேர்ல வந்து உக்காருவ."
சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, சொல்லிவிடுகிறேன்.
ஒரு படி இறங்கியவள்
கடைசிப் படிவரை உருண்டே ஆகவேண்டுமா என்ன?

"போன தீபாவளிக்கு போனசு கேட்டீங்க,
அடுத்த மாசமே பெல்ஜியம் பார்ட்டி போயிருச்சு."
அதே மாசம்தான் எங்கள் தெரு நாய்
ஆறு குட்டி போட்டது.
பெல்ஜியம் அதற்காகவும் கோபித்திருக்கலாம்.

தர்க்க நூலில் இதற்கெல்லாம் பேர் போலி என்பாள்
தமிழ் எம்.ஏ. படிக்கிற என் மகள்.
காதர்பேட்டையில் குவித்து விற்கும்
முதலை போட்ட பனியனுக்கும் அதே பேர்தான்.
முதலை இருக்கும்.
வாய் மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும்.

ஒட்ட ஒட்ட அம்பு தீர்ந்தது. ரிஜெக்ட்.
இவர் பேச்சு பூராவும் ஓட்டை,
ஆகவே இவர் பக்கம் ஒன்றுமே இல்லை,
என்று முடிவுகட்டி எழுந்தேன்.

எழுந்த இடத்தில் ஜன்னல்.
கீழே பேக்கிங்.
கட்டுப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்
மூன்று வாரமாய் அதே மூலையில்.
வியாழக்கிழமை லாரி
இந்த வியாழனும் வரவில்லை.

ஆர்டர் குறைந்தது நிசம்.
அந்த நிசத்தை அவர் சொல்லவே இல்லை!
பீரோவில் முழுத் துணி இருக்க
கிழிசலைச் சுற்றிக்கொண்டு சபைக்கு வந்திருக்கிறார்.

"ஆகவே" என்று நான் போட்ட தையலும்
பிரிந்துதான் கிடந்தது.
அவர் பேச்சைப் பத்து விரலால் இழுத்தவள்
கருணாம்பிகை பேச்சை ஒரு விரலால் தொட்டிருந்தேன்.
மத்தியானம் அவள் டிபனில்தான் எனக்கும் புளிச்சாதம்.

"சார், பெட்டி காலியாக் கெடக்குதே,
அதைச் சொல்லுங்க" என்றேன்.
ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
"உனக்கு யாரு சொன்னா?"
"நான் செக்கிங்ங்க."

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.
"மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருக்கு" என்றார்,
முதல்முறையாக மெதுவாய்.
கருணாம்பிகை ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.
"செரிங். ஆர்டர்தானுங்களே கொறஞ்சுது?
பீஸுக்கு வர்ற வெலையும் கொறஞ்சுதுங்களா?
அந்தக் கணக்கை எழுதுங்க."
யாரோ பேனா தேடினார்கள்.

ஒன்பது மணி பல்லடம் பஸ் போய்விட்டது.
அவர் இன்னும் எழுதவில்லை.