கதிரைக் கொப்பி

முத்தையன்கட்டு இடதுகரையில்
நூற்றிருபது கதிரை எங்களுக்கு.
நீலம். முதுகில் வெள்ளைப் பெயின்றில் நிலையத்தின் பெயர்.
எழுதினது றெஜினோல்ட்.
கடைசி எழுத்தின் தலையில் குத்து விட்டுப்போச்சு,
நூற்றிருபதிலும்.

முன்பெல்லாம் செத்தவீடென்றால்
புதுக்குடியிருப்பிலிருந்து வாடகைக்கு வரவேணும்.
கதிரைக்கு இவ்வளவு, லான்ட்மாஸ்டருக்கு இவ்வளவு,
அழுது முடிய முதல் பற்றுச்சீட்டு.
புருசனை எரித்த கடனை
புதன்கிழமைகளில் வரும் லோன்காரப் பெடியனுக்கு
இரண்டு வருசம் கட்டினாள் புவனலோகினி.
அவள்தான் கூட்டத்தில் எழும்பிக் கேட்டாள்:
"குந்தியிருக்கிறதுக்கும் வட்டியோ?"

அந்தப் போகம் வீட்டுக்கு நாலு கொத்து நெல்.
காணி இல்லாதவை
கச்சான் ஆய்ந்த கூலியில் ஒரு நாள்.
தராதவையும் இருந்தவை. பெயர் எழுதேல்லை.

கொப்பி என்னிடம்.
திகதி, வீடு, எத்தனை, திருப்பிய நாள், குறிப்பு.
கலியாணவீடு, எண்பது.
சாமத்தியவீடு, நூறு. ஒன்றில் குங்குமம், கழுவினது.
கூத்துக்கு முழுவதும்.
சனம் மணலில் இருந்தது,
கதிரையில் பிள்ளைகள் நித்திரை.
வயல் காவலுக்கு ஒன்று. திரும்பவில்லை.
குறிப்பு: யானை.

வேலிக் கதியாலொன்றுக்காக ஏழு வருசம்
முகம் பார்க்காத குணசேகரம் வீடும் தவமலர் வீடும்:
அங்கே காலையில் எட்டுச்செலவு,
இங்கே பின்னேரம் பிள்ளைக்கு முதற் பிறந்தநாள்.
சுற்றிக்கொண்டு போனால் டீசல் செலவு.
வேலிக்கு மேலால் கைமாறின,
ஒவ்வொன்றாய், எண்ணி எண்ணி.
"முப்பத்தாறு" என்றார் அவர்.
"முப்பத்தைஞ்சு" என்றாள் அவள்.
ஏழு வருசத்தில் அதுதான் முதற் கதை.

மார்கழியில் உத்தியோகத்தர் கணக்குப் பார்க்க வந்தார்.
நூற்றுப் பதினெட்டு.
"யானை ஒன்று. மற்றது?"
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மற்றது முல்லைத்தீவில், வீதியோரக் கொட்டிலில்.
யோகம்மா இருக்கிறா அதில்,
மடியில் மகனின் படம், லமினேற் செய்தது.
நாரி நோ. நிலத்தில் இருக்க ஏலாது.
பஸ்ஸில் ஏற்றிவிட்டது நாங்கள்தான்.
கொண்டக்டர் கதிரைக்கு ரிக்கற் கேட்கவில்லை.

"அழிஞ்சதெண்டு போட்டுவிடுங்கோ,
கணக்கு நேராகும்" என்றார்.
நல்ல மனிசன்தான்.
யோகம்மாவிடமும் முன்பொருநாள்
ஒருத்தர் அப்படித்தான் படிவம் நீட்டினவர்.

இரவல் என்று எழுதினேன்.
திருப்பும் நாள்:
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
கீழே ஒப்பம் வைத்தார்.

பிறகு தேத்தண்ணி.
பிறகு, அடுத்த போகம் இன்னும் முப்பது வாங்குவதென்று தீர்மானம்.
நீலமா, சிவப்பா?
அதுக்குத்தான் சண்டை,
இருட்டும் மட்டும்.